ராஜா என்கிற ராஜாத்தி

"உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஃபேன்?"

பறவையைத் தத்தெடுக்கப் போன எங்களிடம், வழிதவறியும் கைவிடப்பட்டும் வரும் பறவைகளுக்கு வீடு தேடித் தரும் நங்கநல்லூர் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. பேர், வேலை, சொந்த வீடா வாடகை வீடா, எதுவும் கேட்கவில்லை. ஹாலில் இரண்டு, அறைக்கு ஒன்று என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. "எல்லாம் சீலிங் ஃபேனா?"

பிறகு வரிசையாக வந்தன. தோசைக்கல் இரும்பா, நான்ஸ்டிக்கா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீர்களா? கொசுவத்திச் சுருள் உண்டா? காலையில் எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுகிறீர்கள், சாயந்திரம் முதலில் வருவது யார்? மனைவி என்னைப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்டுவிட்டதுபோல இருந்தது எனக்கு.

கடைசியாக மகளிடம் திரும்பினார். "கண்ணா, உனக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு ஆன்ட்டி."

"இது நல்லபடியா இருந்தா இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கும். நீ காலேஜ், வேலைன்னு வெளியூர் போயிடுவே. அப்புறம் அப்பாதான் பார்த்துக்கணும். அப்பாவுக்கு அப்ப அறுபது தாண்டியிருக்கும்."

அறுபதைப் பற்றி அன்றுவரை நான் யோசித்ததில்லை.

இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோது பேச்சுக்குரிய பறவை ஜன்னல் திரைச்சீலைக் கம்பியிலிருந்து இறங்கி, அம்மாவின் தலையில் உட்கார்ந்து, அங்கிருந்து என் தோளுக்குத் தாவி, மூக்குக்கண்ணாடியின் காதுப்பிடியைக் கொத்திப் பார்த்துவிட்டு, சட்டைக் காலருக்குள் தலையை நுழைத்தது. வெளிர் மஞ்சள் உடம்பு, இரண்டு கன்னத்திலும் குங்குமப்பொட்டு வைத்தமாதிரி ஆரஞ்சு வட்டம், தலையில் நீளக் கொண்டை. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், அதிலும் பாதி வால். "உங்களை அதுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள் மனைவி.

"அது எல்லார் தோள்லயும் ஏறும். உங்களைப் பிடிச்சதுன்னு நெனச்சுக்காதீங்க" என்றார் அம்மா.

அவர் சொன்னதற்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

காக்கைகள் காட்டிக்கொடுத்த விருந்தாளி

காக்டீல் என்பது அதன் பெயர். சந்தையில் கேட்டால் 'காக்டெயில்' என்பார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் "காக்டெயில் ஜோடி என்ன விலை?" என்று கேட்பவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற பட்ஜிக்கு அடுத்தபடியாக அதிகம் கூண்டில் இருப்பது இதுதான் என்பது என் கணிப்பு.

நாங்கள் பார்த்த பறவை ஒரு மே மாத மத்தியானம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடி பால்கனியில் வந்து விழுந்ததாம். துணி காயப்போடுகிற கொடியில் தொற்றிக்கொண்டு, அலகைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றிலும் ஏழெட்டுக் காக்கைகள். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் வீட்டுக்காரர் வெளியே வந்திருக்கிறார். கையை நீட்டியதும் விரலில் ஏறிக்கொண்டதாம். அவர்கள் வீட்டில் பூனை இருந்ததால் கைமாறி கைமாறி நங்கநல்லூர் வந்து சேர்ந்தது.

சொந்தக்காரரைத் தேடுவதில் அம்மா ஒரு முறை வைத்திருக்கிறார். பறவை கிடைத்தது என்று படத்துடன் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்புவார். படத்தில் ஒரு அடையாளத்தை மட்டும் மறைத்துவிடுவார். இந்தப் பறவைக்கு இடது காலில் ஒரு நகம் இல்லை. என்னுடையதுதான் என்று 14 பேர் கூப்பிட்டார்கள். அடையாளம் கேட்டதற்கு ஒருவர், "மஞ்சளா இருக்குமே, அதான்!" என்றாராம். நகத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. காலில் வளையம் இருந்தது, அதில் எண்ணும் இருந்தது. ஆனால் அது வளர்த்து விற்றவர் தன் கணக்குக்குப் போட்டுக்கொள்வது. எண்ணை வைத்து வாங்கியவரைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, தத்துக் கொடுக்க முடிவு செய்தார்.

அதே அறையின் மூலையில் இன்னொரு கூண்டும் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒன்று, பக்கத்தில் போனால் கொண்டையைத் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு பாம்பு மாதிரி சீறியது. நாங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாம்பல்தான் அசல் நிறம்

காக்டீலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் மழை எங்கே பெய்கிறதோ, புல் எங்கே விதை பிடிக்கிறதோ அங்கே கூட்டமாகப் போகும் நாடோடிப் பறவை. தரையில் மேயும். தண்ணீருக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் மரப்பொந்தில் முட்டையிடும். அடைகாப்பதில் ஆணுக்கும் பங்கு உண்டு. பகலில் பெரும்பாலும் அவன், இரவில் அவள். சோளம் போடுகிற விவசாயிகளுக்கு அங்கே இதைக் கண்டால் ஆகாது. நம் ஊரில் கம்பங்கொல்லையில் கிளியை விரட்டுகிற கதைதான்.

1792இல் ராபர்ட் கெர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஆஸ்திரேலியாவுக்கு அப்போது 'நியூ ஹாலந்து' என்று பெயர். அதனால் இன்றும் பெயரின் பின்பாதி 'ஹாலந்திகஸ்'. முன்பாதியான 'நிம்ஃபிகஸ்' பிறகு வந்தது, கிரேக்க நீரரமகளிரை நினைத்து வைத்தது. இது கிளியா, கொக்கட்டூவா என்பதில் பறவையியலாளர்களுக்குள் வெகுகாலம் வழக்கு இருந்தது. மரபணுவைப் பார்த்தபின் தீர்ந்தது. கொக்கட்டூ குடும்பம்தான், அந்தக் குடும்பத்திலேயே மிகச் சிறிய பிள்ளை.

காட்டில் இருப்பவை சாம்பல் நிறம். எங்கள் வீட்டு மஞ்சள் நிறத்துக்கு 'லூட்டினோ' என்று பெயர். 1958 வாக்கில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கூண்டில் பிறந்த நிறப்பிறழ்வு. அதை உறவுக்குள்ளேயே மறுபடி மறுபடி இணைசேர்த்துப் பெருக்கியதன் வடு இன்றும் இருக்கிறது. பல லூட்டினோக்களுக்குக் கொண்டைக்குப் பின்னால் சின்னதாக வழுக்கை விழுந்திருக்கும். வாங்குகிறவர்கள் நோய் என்று பயப்படுவார்கள். பரம்பரைச் சொத்து அது.

ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்வதை 1960ஐ ஒட்டியே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று சென்னையிலோ கோவையிலோ விற்கும் எந்தக் காக்டீலும் காட்டைப் பார்த்ததில்லை. அதன் பாட்டிக்குப் பாட்டியும் கூண்டில் பிறந்தவள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பறவை வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே கீழ்வீட்டு மாமி வந்து, "பாவம், பறக்க விட்டுடுங்கோளேன், புண்ணியம்" என்றார். புண்ணியம் இல்லை. இரை தேடத் தெரியாது, தண்ணீர் எங்கே என்று தெரியாது, வல்லூறையோ காக்கையையோ கண்டால் எங்கே ஒளிவது என்று தெரியாது. ஏழாவது மாடிக்கு அது எப்படி வந்ததோ, அந்த நிலைமைக்கே திருப்பி அனுப்புவதுதான் அந்த 'விடுதலை'.

சட்டம் என்ன சொல்கிறது?

கிளியை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை வருமே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் பச்சைக்கிளியை வளர்ப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோயில் வாசல் கிளி ஜோசியக்காரரின் கூண்டுக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டுப் பறவைகளின் கணக்கு வேறு. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நம் சட்டத்துக்குள் வந்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சவர்ணக்கிளியோ ஆப்பிரிக்க சாம்பல் கிளியோ வைத்திருப்பவர்கள் இன்று பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். காக்டீலும் பட்ஜியும் அந்தப் பட்டியலிலிருந்து ஆரம்பத்திலேயே விலக்கப்பட்டவை. காட்டில் ஏராளமாக இருக்கின்றன, விற்பவை எல்லாம் கூண்டில் பிறந்தவை. ஆகவே பதிவு வேண்டாம். கடைக்குத்தான் கட்டுப்பாடு. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சந்தைத் தரையில் கூண்டை வைத்து விற்பவரிடம் போய் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

பழக்கம் எங்கிருந்து வந்தது?

இப்போது, "அது எல்லார் தோள்லயும் ஏறும்" என்று அந்த அம்மா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன்.

கடையில் ஒரே வயதுள்ள இரண்டு காக்டீல்கள் இருக்கும். ஒன்றின் விலை இன்னொன்றைவிட அதிகம். ஏன் என்றால், "இது ஹேண்ட் டேம் சார், கையில ஏறும்" என்பார்கள். குஞ்சு பொரித்து இரண்டு மூன்று வாரத்தில், கண் திறந்து முள்முள்ளாக இறகு முளைக்கும் நேரத்தில், அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு தாயும் தகப்பனும் ஊட்டவேண்டிய இரையை மாவாகக் கரைத்து சிரிஞ்சில் மனிதர் ஊட்டுவார். ராத்திரி பகலாக, பல வாரம். குஞ்சுக்கு மனிதக் கைதான் தாய். குஞ்சைப் பறிகொடுத்த ஜோடி மறுபடி முட்டையிடும், வியாபாரத்துக்கு அதுவும் லாபம்.

ஆக, நம் தோளில் வந்து உட்கார்வது நம்மீது வைத்த பிரியம் மட்டும் அல்ல. அதற்கு மந்தை வேண்டும். சொந்த மந்தையை மறக்கடித்துவிட்டார்கள். கிடைத்த தோள்தான் இப்போது மந்தை.

மந்தைப் பறவைக்குத் தனிமை என்றால் ஆபத்து. ஆஸ்திரேலியப் புல்வெளியில் கூட்டத்தைத் தவறவிட்ட காக்டீல் உரக்கக் கூப்பிடும், கூட்டம் பதில் சொல்லும். நாம் குளியலறைக்குப் போனால்கூட அது அப்படித்தான் கூப்பிடுகிறது. அலுவலகம் போனால் ஒன்பது மணிநேரம் கூப்பிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் காலிங்பெல்லை அழுத்துகிறார். அசோசியேஷன் குழுவில் புகார் வருகிறது. ஆறுமாதத்தில் 'நல்ல பழகிய பறவை, இலவசமாகத் தருகிறோம்' என்ற அறிவிப்பும் வந்துவிடுகிறது. எந்தக் குணத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தார்களோ, அதே குணத்தைத் தாங்க முடியாமல்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். நங்கநல்லூர் வீட்டுக்கு வரும் பறவைகளில் வழிதவறி வந்தவை பாதி, இப்படிக் கைவிடப்பட்டவை மீதி என்றார் அம்மா. கொரோனா ஊரடங்கில் வாங்கியவர்கள் அலுவலகம் திறந்ததும் வரிசையாக வந்தார்களாம்.

கூப்பிடும்போது ஓடிப்போய்ச் சமாதானம் செய்தால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். கத்தாதே என்று நாம் கத்தினாலோ, ஆஹா மந்தை பதில் சொல்கிறது என்று இன்னும் உற்சாகமாகும். நாங்கள் கண்ட வழி சின்ன விசில். இருக்கிற இடத்திலிருந்தே இரண்டு சுரம் அடித்தால் போதும், இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. இப்போது எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து ஒன்று, மொட்டைமாடிப் படியிலிருந்து ஒன்று என்று நாள் முழுக்க விசில் சத்தம். பால்காரர் ஒருமுறை கோபித்துக்கொண்டார்.

ஃபேன் ஓடாத வீடு

நங்கநல்லூர் அம்மா தத்துப் பத்திரம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். விற்கக் கூடாது, குஞ்சு எடுக்கக் கூடாது, முடியாவிட்டால் வேறு யாருக்கும் தராமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்த்தார். சென்னையில் தத்து என்றால் 1959இல் கேப்டன் சுந்தரம் குடும்பம் தொடங்கிய ப்ளூ கிராஸும் நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும்தான் ஞாபகம் வரும். பறவைக்கு இத்தனை கெடுபிடியா என்று தோன்றியது. வளர்க்க ஆரம்பித்த பிறகு தோன்றவில்லை.

ஃபேனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பறக்கும் பறவைக்குச் சுழலும் இறக்கை கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் வீடுகளில் வளர்ப்புப் பறவை சாவதற்குச் சர்வசாதாரணமான காரணம் சீலிங் ஃபேன். கூண்டைத் திறக்கும் முன் ஃபேனை அணைக்க வேண்டும், அணைத்தபின் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இதைக் கடைப்பிடிப்பவர் எந்த விரதமும் இருக்கலாம். நாங்கள் ஹால் ஃபேனின் ஸ்விட்சில் செலோடேப் ஒட்டிவிட்டு, வலைமூடி போட்ட டேபிள் ஃபேன் வாங்கினோம். விருந்தினர் வந்தால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பறவையை ரசிக்கிறார்கள்.

புகை அடுத்தது. பறவையின் நுரையீரல் நம்முடையதைப்போல ஊதிச் சுருங்குவது இல்லை. காற்றுப்பைகள் வழியாக ஒரே திசையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். காற்றில் உள்ள பிராணவாயுவை நம்மைவிடத் திறமையாக உறிஞ்சும், நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிப் பறவையைக் கூண்டோடு கொண்டுபோனது இதனால்தான். நான்ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் மறந்துவிட்டு அது அளவுமீறிச் சூடானால் கிளம்பும் புகை, நமக்கு வாசனைகூடத் தெரியாது, பறவை சில நிமிஷத்தில் செத்துவிடும். மனைவி மூன்று பாத்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மாமியார் கொடுத்த இரும்புக் கல்லை எடுத்தாள். தோசை நன்றாக வருகிறது என்பது உபரி. சாம்பிராணியை மொட்டைமாடிக்கு மாற்றியதில் என் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

தூசியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காக்டீலின் உடம்பில் சில இறகுகள் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். பவுடர் போட்ட குழந்தையைத் தூக்கியதுபோல் கையில் ஒட்டும். இரண்டு நாள் துடைக்காவிட்டால் டிவி திரையில் கோலம் போடலாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்தப் பறவை வேண்டாம். இதில் சமரசம் இல்லை.

மருத்துவரிடம் ஒரு தராசு

வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குத் தெரியும். ஆனால் தெருமுனை பெட் கிளினிக்குகளில் பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. எங்களுக்கு வாய்த்த மருத்துவர் முதலில் கேட்டது ஸ்டெதாஸ்கோப்பை அல்ல, தராசை. 82 கிராம். இந்தப் பறவைக்குக் கொஞ்சம் ஒல்லி. "வாரத்துல ரெண்டு நாள், காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி எடை போடுங்க. பத்துல ஒரு பங்கு குறைஞ்சா உடனே வாங்க. உடம்பு சரியில்லைன்னு அதுவா காட்டிக்காது." கூட்டத்தில் பலவீனமாகத் தெரிவதைத்தான் வேட்டைப்பறவை முதலில் குறிவைக்கும். அதனால் விழுகிற நாள்வரை நோயை மறைப்பது அதன் சுபாவம்.

எச்சத்தைப் பரிசோதித்தார். 'சிட்டகோசிஸ்' என்ற கிருமிநோய் கிளி இனங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றும். 1929-30இல் பல நாடுகளில் பரவி உயிர்களைப் பலிவாங்கியது. அப்போது அமெரிக்கா கிளி இறக்குமதியையே தடைசெய்தது. இன்று மருந்து இருக்கிறது, பயம் வேண்டாம். ஆனால் யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாத பறவையை முதலில் மருத்துவரிடம் காட்டாமல் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சக் கூடாது. வீட்டில் வேறு பறவை இருந்தால் ஒரு மாதத்துக்குமேல் தனி அறை.

சாப்பாடுதான் பெரிய யுத்தம். சூரியகாந்தி விதை மட்டும் தின்று வளர்ந்திருக்கிறது. கொழுப்பு ஏறி ஈரலைக் கெடுக்கும், வைட்டமின் ஏ கிடைக்காது. தினை, சாமை, கம்பு கலந்து கொடுத்தோம். தினைக்குக் கண் விரிந்தது. முருங்கைக்கீரையைப் பார்த்ததும் ஏதோ பாம்பைக் கண்டதுபோல் கூண்டின் கோடிக்கு ஓடியது. மகள் தினமும் எதிரில் உட்கார்ந்து கீரையை ருசித்துச் சாப்பிடுவதுபோல் நடித்தாள். மூன்று மாதம். கடைசியில் பறவையும் தின்றது, அவளும் முருங்கைக்கீரை தின்னப் பழகிவிட்டாள். கொடுக்கவே கூடாதது பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி. டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும், அப்போது நாம்தான் காபியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூண்டு உடைகிற சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், பறவை கம்பியில் மோதி மோதி விழுகிறது. தரையெல்லாம் இறகு, வெள்ளைக் காகிதத்தில் ரத்தத் துளிகள். காக்டீல்களுக்கே உரிய தொல்லை இது. இருட்டில் ஏதாவது அசைந்தால் பேயைக் கண்டதுபோல் பதறிப் பறக்கும். புதிதாக முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும், அது முறிந்தால் கொட்டும். எங்கள் பேய் சுவரில் ஓடிய பல்லி. மறுநாளிலிருந்து ஜீரோ வாட் பல்பு எரிகிறது. கரண்ட் போனால் யாராவது ஒருவர் மெதுவாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

ராஜா முட்டையிட்டது

பெயர் வைத்தது மகள். ஆண் காக்டீல் நன்றாக விசிலடிக்கும், பாட்டின் முதல் வரியைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருந்தாள். ஆகவே 'ராஜா'. எந்த ராஜா என்று தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. தினமும் அவருடைய பாட்டுகளைப் போட்டுக் காட்டினோம். ராஜா கொண்டையைப் பாதி உயர்த்திக் கேட்கும். பாடாது. எட்டு மாதம் ஒரு சுரம் வரவில்லை. நம் வீட்டுக் காற்றிலேயே சங்கீதம் இல்லைபோலிருக்கிறது என்றாள் மனைவி.

ஒரு வியாழக்கிழமை காலை கூண்டின் தரையில் வெள்ளையாக ஒரு முட்டை. நெல்லிக்காய் அளவு.

சாம்பல் நிறக் காக்டீலில் வளர்ந்த ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், பார்த்தவுடன் தெரியும். லூட்டினோவில் உடம்பே மஞ்சள் என்பதால் அந்த அடையாளம் உதவாது. இறகைக் கொடுத்து மரபணு பரிசோதனை செய்தால்தான் நிச்சயம். நாங்கள் செலவில்லாமல் தெரிந்துகொண்டோம். அன்றிலிருந்து ராஜாத்தி.

சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். ஜோடி இல்லாமலேயே பெண் பறவை முட்டையிடும், ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து வரும். நாம் எடுத்து எறிந்தால் எண்ணிக்கையை நிரப்ப இன்னும் இடும். உடம்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து முழுக்க ஓட்டுக்குப் போய், முட்டை வெளியே வராமல் சிக்கினால் உயிர் போகும். ஆகவே முட்டைகளை அப்படியே விடச் சொன்னார். கடல் நுரை ஓட்டைக் கூண்டில் கட்டச் சொன்னார். ராத்திரி டிவி வெளிச்சத்தைக் குறைத்து, சீக்கிரம் தூங்க வைக்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி: "முதுகைத் தடவுவீங்களா?"

தடவுவோம். எல்லோரும் தடவுவோம். வந்தவர் போனவர் எல்லோரும். முதுகைத் தடவுவது பறவையின் மொழியில் ஜோடி சேர்வதற்கான அழைப்பாம். தலையையும் கன்னத்தையும் மட்டும் வருட வேண்டும். எங்கள் கொஞ்சலே அதற்கு வினையாகியிருக்கிறது. மூன்று வாரம் பொரியாத முட்டைகள்மீது ராஜாத்தி உட்கார்ந்திருந்தது. யார் தோளுக்கும் வரவில்லை. மகள் கையை நீட்டினால் சீறியது. அவள் அழுதாள். பழகிய பறவை என்றுதானே தந்தார்கள் என்று எனக்கே ஒருகணம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அது முதல்முறையாகத் தனக்கென்று ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் நாள் தானாகவே முட்டைகளை விட்டு எழுந்து வந்தது. இப்போது 91 கிராம். சாயந்திரம் விளக்கு வைக்கும் நேரத்தில் என் தோளில் ஒற்றைக்காலில் நின்று அலகை நறநறவென்று அரைக்கும். தூக்கம் வருவதற்கு முன் நிம்மதியாக இருந்தால் அப்படிச் செய்யும். இன்றுவரை பாடியதில்லை.

போன மாதம் ராஜாத்திக்கு நகம் வெட்டப் போகும் வழியில் நங்கநல்லூர் போனோம். எங்களுக்குப் பிறகு கையில் ஏறுகிற நாலு பறவைகள் அங்கே வந்து, ஒவ்வொன்றும் ஒரே வாரத்தில் வீடு தேடிப் போய்விட்டன. மூலையில் அந்தச் சாம்பல் பறவை மட்டும் அதே கூண்டில் இருக்கிறது. அதை ஒருவரும் கேட்கவில்லை. கையைக் கண்டால் இன்னும் சீறுகிறது. ஆனால் ராஜாத்தியின் குரலைக் கேட்டதும் கொண்டையை நிமிர்த்தி ஒரு பதில் கொடுத்தது பாருங்கள், தெருமுனைவரை கேட்டிருக்கும்.

பறவை தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோளில் ஏறுவதை வாங்கிக்கொண்டு திரும்புமுன், மூலைக் கூண்டையும் ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள்.